காடைக்குக் கொட்டாய்

"காடைக் கொட்டாய் போட்டாக் கூலி குடுப்பாங்க கண்ணு. எங்கூட்டுக் கூரைய நானே போட்டுக்கிட்டா ஆரு கூலி குடுப்பா?"

இது என் அத்தை கேட்ட கேள்வி. நீதி, சமத்துவம், விடுதலை என்று பதினைந்து வருசமாக மேடைகளில் பேசி வருகிறவன் நான். அன்றைக்கு இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் முழுசாக இல்லை. இருக்கிற அளவுக்கு எழுதிப் பார்க்கிறேன்.

இரண்டு சித்திரைக்கு முந்தி ஒருநாள் சாயங்காலம் திருப்பூர், பல்லடம் சுற்று வட்டாரத்தில் சூறைக்காற்று அடித்தது. கோடைமழைக்கு முன்னால் இந்தப் பக்கம் வழக்கமாக வருகிற காற்றுதான். வாழை சாயும், வேப்பமரக் கிளை ஒடியும், கரண்ட் போகும். அன்றைக்கு ஆலங்கட்டியும் சேர்ந்து கொண்டது. அடித்தது அரை மணி நேரம்தான். மண்ணரையில் எங்கள் வளவில் ஒன்பது வீட்டுக் கூரை போனது. அதில் ஒன்று அத்தையுடையது. அதே காற்றில் பல்லடம் பக்கம் ஒரு பண்ணையில் ஒரு கறிக்கோழிக் கொட்டாயும் ஒரு காடைக் கொட்டாயும் சரிந்தன.

மூன்றாம் நாள் காலையில் அத்தை, அப்பா, நான், வளவு ஆட்கள் இன்னும் ஆறு பேர் வேன் ஏறிப் போனது அந்தப் பண்ணைக்கு. எங்கள் வீடுகளுக்கு மேலே பிளக்ஸ் பேனரை இழுத்துக் கட்டி, நாலு மூலையிலும் செங்கல் வைத்துவிட்டுப் போனோம். அத்தை வீட்டுக்கு மேலே ஒரு தலைவர் மல்லாந்து கிடந்து சிரித்துக் கொண்டிருந்தார்.

என் அப்பா முதலில் கூரை வேலைக்காரர் இல்லை. சாயப்பட்டறையில் இருந்தவர். 2011 ஜனவரி 28இல் நொய்யல் ஆற்றைக் கெடுத்ததற்காகச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட்ட அன்றோடு அவர் வேலை போயிற்று. அதற்குப் பிறகுதான் தகரம் மாட்டவும் கீத்து வேயவும் கற்றுக் கொண்டார். இப்போது முழங்கால் வலி, மேலே ஏற முடிவதில்லை. அதனால்தான் எம்.ஏ. தமிழ் படித்த நான் அந்தப் பத்து நாளும் கூரைமேல் இருந்தேன். இதில் தியாகம் ஒன்றும் இல்லை. 800 ரூபாய் கூலி. அத்தைக்கு 450. சம வேலைக்குச் சம கூலி என்று 1976லேயே சட்டம் வந்தது. கூரைக்கு மேலே இருப்பவனுக்கும் கீழே இருந்து கீத்து எடுத்துக் கொடுப்பவளுக்கும் நடுவில் அது இன்னும் ஏறி வரவில்லை.

கொட்டாய் கட்டுவதில் கணக்கு உண்டு. நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். மாற்றிக் கட்டினால் காலை வெயிலும் மாலை வெயிலும் உள்ளே இறங்கிப் பறவையைக் கொல்லும். நீளப்பக்கத்துச் சுவர் முழங்கால் உயரம்தான். அதற்கு மேலே கம்பிவலை. ஒரு பக்கம் நுழைகிற காற்று மறுபக்கம் போனால்தான் எச்சத்திலிருந்து கிளம்புகிற அம்மோனியா நெடி வெளியேறும். தரையில் நார்த்தூளோ உமியோ பரப்ப வேண்டும். குஞ்சுக்கு முதல் இரண்டு வாரம் பல்பு போட்டுச் சூடு காட்ட வேண்டும். இப்படிக் காற்றுக்குத் திறந்து வைத்திருப்பதாலேயே புயலில் அது சீக்கிரம் போகிறது. பக்கவாட்டில் நுழைந்த காற்று கூரையை அடியிலிருந்து தூக்குகிறது. கொக்கி போல்ட்டு துருப்பிடித்த இடத்தில் ஒரு தகரம் கழன்றால் போதும், வரிசையாக உரித்துக்கொண்டு போய்விடும். அப்படிப் பறந்த தகரம்தான் பக்கத்தில் கீத்து வேய்ந்திருந்த காடைக் கொட்டாயைச் சாய்த்தது.

காடை என்றால் நம் காட்டில் வரப்போரம் ஓடுகிற காடை இல்லை. ஜப்பான் காடை. 1974இல் இந்தியாவுக்குக் கொண்டு வந்து வளர்க்க ஆரம்பித்தது. பதினேழு பதினெட்டு நாளில் முட்டை பொரியும், ஐந்து வாரத்தில் கறிக்குத் தயார். மனிதன் பல தலைமுறையாகக் கூண்டில் வைத்துப் பழக்கியதில் இந்தப் பறவைக்கு அடைகாக்கிற பழக்கமே ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது. பொரிக்க மிஷின் வேண்டும், சூட்டுக்குப் பல்பு வேண்டும், மழைக்குக் கூரை வேண்டும். எல்லாவற்றையும் இன்னொருத்தர் செய்து கொடுத்தாக வேண்டும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் காற்றில் நனைந்த குஞ்சுகள் சூடு தேடி ஒரே மூலையில் குவிந்து, அடியில் அகப்பட்டவை மூச்சுமுட்டிச் செத்துக் கிடந்ததை என் கையால் அள்ளியிருக்கிறேன். உள்ளங்கையில் ஏழெட்டு அடங்கும். அழுகைதான் வந்தது.

செத்ததை எடுப்பது உங்கள் வேலை என்று பண்ணைக்காரர் எங்களிடம் சொல்லவில்லை. யாரும் சொல்லாமலே எங்கள் கைக்கு மண்வெட்டி வந்தது. சுவர் வைக்க வந்திருந்த கொத்தனார் ஆட்கள் வேறு சாதி. அவர்கள் வேப்பமரத்தடியில் பீடி பிடித்துக் கொண்டிருந்தார்கள். குழி தோண்டினோம், சுண்ணாம்பு போட்டோம், மூடினோம். செத்த மாடு தூக்கிய என் தாத்தாவுக்கும் செத்த காடை அள்ளிய எனக்கும் நடுவில் எம்.ஏ. பட்டம் ஒன்று இருக்கிறது என்பது அந்த மண்வெட்டிக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. பண்ணை வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதில் காலை நனைத்துவிட்டுத்தான் யாரும் கொட்டாய்க்குள் போக வேண்டும். நோய் தொத்தக் கூடாதல்லவா. பண்ணைக்காரரும் நனைத்தார், கொத்தனாரும் நனைத்தார், நாங்களும் நனைத்தோம். பறவை குடியிருக்கிற இடத்தில் எல்லாக் காலும் ஒரே கால்தான். டீ வருகிறபோதுதான் கால்கள் வேறாயின. கொத்தனார்களுக்குச் சில்வர் டம்ளர், எங்களுக்குப் பேப்பர் கப். இரட்டைக் குவளை என்று இதைப் புகார் எழுத முடியுமா? குடித்துவிட்டுக் கசக்கி எறிந்துவிட்டால் சாட்சிக்குக் குவளையே இருக்காதே.

பண்ணைக்காரரை நான் கெட்டவராகக் காட்ட விரும்பவில்லை. அது சுலபம், அதனால் ஒன்றும் விளங்காது. பல்லடம் கறிக்கோழித் தொழில் எப்படி நடக்கிறது என்று வெளியூர்த் தோழர்களுக்குச் சொல்ல வேண்டும். குஞ்சு கம்பெனியுடையது, தீவனமும் மருந்தும் கம்பெனியுடையது. கொட்டாயும் கரண்டும் ஆளும் வளர்க்கிறவர் பொறுப்பு. வளர்த்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வரும். எந்நேரமும் செத்துப் போகக்கூடிய கோழிக்குக் கம்பெனி முதலாளி. காற்றில் போகக்கூடிய கூரைக்கு இவர் முதலாளி. கொட்டாய் போட வாங்கிய கடன் தீர்வதற்குள் காற்று வந்துவிட்டது. கட்டுப்படியாகாமல்தான் ஒரு கொட்டாயில் தன் கைக்காசு போட்டுக் காடை விட்டிருக்கிறார். ராத்திரி ஒரு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு செத்த குஞ்சைப் பார்த்து உட்கார்ந்திருந்தாராம். நிலம் உள்ள சாதியில் பிறந்தவர்தான், ஆனால் அவரும் கூலிதான் வாங்குகிறார்.

அவர் எங்களிடம் தினமும் சொன்ன ஒரே வார்த்தை, "பழையபடி". "பத்து நாள்ல பழையபடி பண்ணிப் போடோணும். அடுத்த பேட்ச் குஞ்சு வருது." பழையபடி கொட்டாய் நிற்க வேண்டும், பழையபடி குஞ்சு இறங்க வேண்டும். இழந்தவர் இதைக் கேட்பதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. ஆனால் கூரைமேல் உட்கார்ந்து போல்ட்டு முறுக்கிக் கொண்டிருந்த எனக்கு அந்த வார்த்தை உறுத்த ஆரம்பித்தது. இந்தக் கட்டுரை அந்த உறுத்தலைப் பற்றியதுதான்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் மண்ணரைக்குத் திரும்பியபோது சேதக் கணக்கெடுக்க ஒருவர் வந்திருந்தார். பொறுமையானவர்தான். அத்தை வீட்டைப் பார்த்தார். அத்தை இருபது வருசம் பனியன் கம்பெனியில் கைமடியாக இருந்து, பிசிறு வெட்டிச் சேர்த்த காசில் மூன்று பக்கம் செங்கல் சுவர் வைத்திருந்தது. மேலே தகரம். இடம் புறம்போக்கு. பட்டா கேட்டு எழுதிப்போட்டு வருசக்கணக்காகிறது. வந்தவர் சொன்னார்: "செங்கல் சுவர் இருக்கறதால குடிசைன்னு எழுத முடியாதும்மா. பட்டா இல்லாததால வீடுன்னும் எழுத முடியாது." சுவரை வைக்காமல் ஓலையிலேயே கிடந்திருந்தால் குடிசைக்குரிய பணமாவது கிடைத்திருக்கும். கொஞ்சம் முன்னேறியதுதான் அத்தை செய்த குற்றம்.

வீட்டுக்கு வந்து பேரிடர் நிவாரண விதிகளைத் தேடிப் படித்தேன். மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று மத்திய அரசு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பட்டியல் போடுகிறது. ஆலங்கட்டி மழையும் அதில் பேரிடர்தான். 2015ஆம் ஆண்டுப் பட்டியலில் சேதமான குடிசைக்கு 4,100 ரூபாய். செத்த கோழி ஒன்றுக்கு 50 ரூபாய், ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 5,000. 2022 முதல் 2026 வரைக்கான பட்டியலில் குடிசைக்கு 8,000 ரூபாய். கோழிக்கு 100, குடும்பத்துக்கு அதிகபட்சம் 10,000. முழுசாக இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000. ஆனால் அந்த வீடு உரிய அதிகாரி சான்று தந்த, அனுமதி பெற்ற கட்டடமாக இருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2015இல் ஒரு குடிசை 82 கோழிக்குச் சமம். 2022இல் 80 கோழிக்குச் சமம். ஏழு வருசத்தில் எங்கள் குடிசை இரண்டு கோழி இறங்கிவிட்டது. நூறு கோழி செத்தவருக்குக் கிடைப்பது குடிசை போனவருக்குக் கிடைப்பதைவிட அதிகம். இதை எழுதியவர்கள் யாரும் தலித் மக்கள்மேல் வன்மம் வைத்து எழுதவில்லை. கோழிக்கு ஒரு கணக்கு, ஓலைக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாகப் போட்டார்கள். சேர்த்து வைத்துப் பார்க்க அவர்களுக்கு அவசியம் வரவில்லை. எனக்கு வந்தது.

இங்கேதான் 'பழையபடி' என்கிற அறத்தின் அடி தெரிகிறது. இழந்ததைத் திரும்பக் கொடு என்பது உலகம் ஒப்புக்கொண்ட நீதி. அரிஸ்டாட்டில் நீதியை இரண்டாகப் பிரித்தார். எது யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுவது ஒன்று; ஒருவர் பங்கு கெட்டுப்போனால் முன்பிருந்தபடி சரிசெய்வது இன்னொன்று. இரண்டாவது நீதி முதலாவதைப் பற்றிக் கேள்வியே கேட்பதில்லை. முன்பு உனக்கு என்ன இருந்தது என்று மட்டும் கேட்கும். இருந்தவனுக்கு இழப்பு உண்டு, இழப்புக்கு ஈடு உண்டு. எதுவும் இல்லாதவனுக்கு இழப்பும் இல்லை. ஆகவே ஈடும் இல்லை. ஒருவன் வைத்திருக்க விடாமல் தலைமுறை தலைமுறையாகத் தடுத்துவிட்டு, புயல் அடித்த மறுநாள் வந்து 'உன்னிடம் என்ன இருந்தது?' என்று கேட்பது என்ன நீதி?

இது எங்கள் ஒன்பது வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் கடற்கரையில் இதுதான் நடந்தது. நிவாரணம் படகை வைத்து, வலையை வைத்துக் கணக்கிடப்பட்டது. மீன் தரம் பிரித்தும் கூடை சுமந்தும் உப்பளத்திலும் வயலிலும் கூலி வேலை செய்தும் பிழைத்த தலித்துகளுக்குப் படகு ஏது, வலை ஏது? முகாம்களிலும் நிவாரணப் பங்கீட்டிலும் அவர்கள் ஒதுக்கப்பட்டதை அடுத்த ஆண்டே மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கஜா புயல் கரை கடந்தது. சாய்ந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும் வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அரசு அறிவித்தது. மரத்துக்கு உரியவருக்கு அது நியாயம், குறைச்சல் என்றுகூடச் சொல்லலாம். அந்த மரத்தில் ஏறியவர், காய் உரித்தவர், விழுந்த மட்டையைக் கீத்தாக முடைந்து விற்ற பெண், இவர்களுக்கு எத்தனை மரம் சாய்ந்தது? அவர்கள் பிழைப்பிலும் அத்தனை மரமும்தான் சாய்ந்தது. ஆனால் பட்டியலில் அவர்களுக்கு மரம் இல்லை.

திருப்பூரையே எடுத்துக்கொள்வோம். சாயப்பட்டறைகள் மூடிய பிறகு, கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாட்டுக்காகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. தொழில் பிழைக்க வேண்டும், கொடுக்கட்டும். சாயத்தில் கை வெந்த என் அப்பாவுக்கு ஒரு மாசக் கூலி கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தொழில் பழையபடி ஆனது. அவர் கூரைமேல் ஏறினார்.

தமிழ் படித்தவன் என்பதால் இன்னொரு ஆளையும் இங்கே கூப்பிட வேண்டியிருக்கிறது. குளிரில் நடுங்குகிறது என்று மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் மலை பழனிப் பக்கம், உடுமலையிலிருந்து கூப்பிடு தூரம். பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையை வியந்து படித்தோம். பறவைக்கும் இரங்கிய தமிழர் அறம் என்றார் எங்கள் வாத்தியார். அதே பேகனைப் பற்றிப் புறநானூற்றில் வேறு பாட்டுகளும் உண்டு என்பதை எம்.ஏ. வகுப்புக்கு வந்த பிறகுதான் படித்தேன். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய புலவர்கள் அவனிடம் போகிறார்கள். அவன் கைவிட்டுப்போன மனைவி கண்ணகி அழுது கிடக்கிறாள், எங்களுக்குப் பரிசில் வேண்டாம், அவளிடம் திரும்பிப் போ என்று கேட்கிறார்கள். மயிலின் குளிர் தெரிந்தவனுக்கு வீட்டுக்குள் இருந்தவள் கண்ணீர் தெரியவில்லை. போர்வை கொடுத்ததைப் பாடப்புத்தகத்தில் வைத்தார்கள். புலவர்கள் கேட்ட கேள்வியை மேல்படிப்புக்கு ஒதுக்கிவிட்டார்கள்.

மயிலுக்கு இரங்கியது தப்பா? காடைக்குக் கூரை போடுவது தப்பா? இல்லை. உயிருக்கு இரங்குகிற எந்தச் செயலையும் நாம் கேலி செய்யக் கூடாது. புத்தரைத் தேடிப் போன அம்பேத்கரின் வழியில் வருகிறவர்கள் அதைச் செய்யவே கூடாது. என் கேள்வி வேறு. அந்தப் போர்வையை நெய்தவர் யார், அன்று ராத்திரி அவர் எதைப் போர்த்திப் படுத்தார் என்பதுதான் கேள்வி. இரக்கம் காட்டியவருக்கும் இரக்கம் பெற்ற பறவைக்கும் நடுவில் ஒரு கை இருக்கிறது. வள்ளல் கதையில் அந்தக் கை வருவதே இல்லை.

அம்பேத்கர் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் மதத்தையும் தம்மத்தையும் வேறுபடுத்துகிறார். உலகம் எப்படி உண்டாயிற்று என்று விளக்கப் போவது மதம். இந்த உலகத்தைத் திருத்திக் கட்டுவதற்கு உள்ளது தம்மம். இந்த இடத்தை முன்பு பலமுறை படித்திருக்கிறேன். கொட்டாய் மேலே இருந்தபோதுதான் அதில் கட்டுவது என்கிற வேலை எனக்கு உறைத்தது. கட்டுவது வேறு, பழையபடி நிறுத்துவது வேறு. பழையபடி நிறுத்துகிறவனுக்கு இருந்ததன் அளவு போதும். திருத்திக் கட்டுகிறவனுக்கு அது போதாது. இது யாருக்காக, யார் கையால், எந்த உறவில் நிற்கப் போகிறது என்று அவன் கேட்டாக வேண்டும்.

இதையெல்லாம் நினைத்துக் கொதித்துப் போய்த்தான் ஆறாம் நாள் மத்தியானம் அத்தையிடம் சண்டை பிடித்தேன். அத்தை நிழலில் உட்கார்ந்து, ஊறப்போட்ட தென்னை மட்டையைக் கிழித்துக் கீத்து முடைந்து கொண்டிருந்தது. "உன் வீட்டுக்கு மேல பேனர் கெடக்குது. நீ காடைக்குக் கீத்து மொடையறயா? எல்லாரும் வேலைய நிறுத்துவோம். நம்ம கூரையப் போட்டுட்டு அப்பறம் வருவோம்" என்றேன். மற்ற ஆட்களும் கை ஓய்ந்து பார்த்தார்கள். அப்போதுதான் அத்தை முதலில் எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டது. பிறகு இதையும் சொன்னது: "நாலு நாளு நம்மூட்டு வேலையச் செஞ்சா நாலு நாளு கூலி போச்சு. தகரத்துக்கு ஆணி வாங்கற காசும் இந்தக் கூலிலதான் வரோணும். காடைக்குக் கட்டுனாத்தான் எனக்குக் கட்ட முடியும் சாமி. நீ படிச்சவன், இதுக்கு ஒரு வளி சொல்லு."

நான் என்ன வழி சொல்ல? வேலை நிறுத்தம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அடுத்தவேளைச் சோறு இருக்கிறவன் செய்கிற வேலை நிறுத்தம்தான் என்று அன்று புரிந்தது. அடுத்தவர் கூரைக்கு உழைத்தால் அது வேலை, தன் கூரைக்கு உழைத்தால் அது விடுப்பு. உலகம் இப்படி ஓடும்வரை எங்கள் வீடுகள் ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும்தான் கட்டப்படும். அத்தை எனக்குச் சொன்னது இதைத்தான். மார்க்ஸ் பெயரைச் சொல்லாமல் சொன்னது.

எட்டாம் நாள் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கழற்றிய பழைய தகரம் ஒரு ஓரமாகக் கிடந்தது. நசுங்காததாகப் பார்த்து அதில் ஒன்பது தகரம் தேறும். அத்தை பண்ணைக்காரரிடம் போய்க் கேட்டது. அவர் சட்டென்று, "அட, எடுத்துக்கிட்டுப் போ. அது இனி நமக்கு ஆகாது. சும்மாவே எடுத்துக்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அத்தை அசையவில்லை. "சும்மா வேண்டாங்க. வெல சொல்லுங்க. கூலில கழிச்சுக்குங்க" என்றது. அவர் முகம் மாறியது. "நான் ஒண்ணு குடுத்தா வாங்க மாட்டியா? உங்கம்மா வாங்கலியா, உங்கப்பன் வாங்கலியா?" என்றார். அத்தை அதற்கும், "அவீகெல்லாம் வாங்குனாங்க. அதனாலதானுங்க கேக்கறேன்" என்றது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் பழைய இரும்பு விலைக்குக் கணக்குப் போட்டு அத்தை கூலியில் இரண்டு நாளைக் கழித்துக் கொண்டார்.

வேனில் வரும்போது அப்பா கோபப்பட்டார். "தொள்ளாயிரம் ரூவா போச்சே. உனக்கு எதுக்கு இந்த வீம்பு?" அவர் சொல்வதும் பொய் இல்லை. இரண்டு நாள் இடுப்பொடிய உழைத்த காசு, ஓட்டை விழுந்த தகரத்துக்குப் போனது. இன்னொருவர் வேண்டாமென்று கழித்ததை விலைக்கு வாங்குவது என்ன சுயமரியாதை என்று நானும் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தேன். பழைய சோறு, பழைய துணி, பழைய தகரம் என்று எங்களுக்குக் கொடுத்தே வைத்திருந்த ஒரு உறவும் அந்தக் காற்றில் கூரையோடு சேர்ந்து சரிந்து கிடந்தது. கூரையை நாங்கள் கட்டிக் கொடுத்தோம். அந்த உறவைக் கட்டித் தர அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கு 900 ரூபாய் விலை கொடுத்தது. அந்த விலை சரியா, அதிகமா என்பதை அத்தை இடத்தில் இருக்கிறவர்தான் சொல்ல முடியும். நான் அந்தப் பத்து நாளும் 800 ரூபாய் வாங்கிய ஆள்.

பத்தாம் நாள் காடைக் கொட்டாய் எழுந்து நின்றது. கூரைக்குக் குறுக்கே கம்பி இழுத்து அடியில் கல் கட்டி இறக்கினோம், அடுத்த காற்றுக்குத் தாங்கட்டும் என்று. நல்ல வேலை. என் கையால் செய்தது என்பதில் எனக்கு வெட்கம் இல்லை. பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் அத்தை வீட்டுக்குத் தகரம் ஏறியது.

அடுத்த வாரம் ஒன்பது வீட்டுக்கும் சேர்த்து மனு எழுதினேன். 'காற்றில் சேதமான எங்கள் வீடுகளைப் பழையபடி சரிசெய்து தருமாறு' என்று ஆரம்பித்திருந்தேன். அத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டது. அந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னது.

"பழையபடின்னு எழுதாத கண்ணு. பழையபடி என்ன இருந்துச்சு நமக்கு?"

அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். முதலில் பட்டா கேட்டோம். பிறகுதான் கூரை.